கடலை மிட்டாய் மண்டபம்

ஜூலை 6, திங்கள்

இன்று மதியம் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். காரணம், அறிவிப்புப் பலகையில் தலைமையாசிரியை சகாயமேரி டீச்சரின் கையெழுத்தில் இருந்த ஒரு வரி: "தண்ணீர் இல்லாத காரணத்தால் இன்று பிற்பகல் விடுமுறை." அழகான எழுத்து. கடைசியில் டீச்சர் இழுக்கிற பூனைவால் கோடு உட்பட எல்லாம் கச்சிதம். ஒரே ஒரு குறைதான். எழுதியது டீச்சர் இல்லை.

யார் எழுதியது என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள்.

"பேச்சியம்மா, இந்த வருசம் இது எத்தனையாவது தடவன்னு தெரியுமா?"

"நீங்கதான டீச்சர் எண்ணிட்டு இருக்கீங்க."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் பெயரைப் பேச்சி என்று வைத்துவிட்டுப் பேசாதே என்றால் எப்படி?

"இன்னொரு புகார் வரட்டும். அப்ப ஒங்க அம்மாவக் கூப்பிடுவேன். டி.சி.ய வாங்கிட்டுப் போகத்தான் கூப்பிடுவேன். பதினொண்ணாங்கிளாஸ் நடுவுல எந்தப் பள்ளிக்கூடத்துல எடம் தருவான்னு நீயே தேடிக்கோ."

அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறாள். கோவில்பட்டியில் தீப்பெட்டி செய்கிற இடத்துக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். மேசை, நாற்காலி கிடையாது. பள்ளியிலிருந்து ஆள் போனால் அம்மா லீவு சொல்லிவிட்டு வருவாள். வந்ததும் என்ன விஷயம் என்றுகூடக் கேட்க மாட்டாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "மன்னிச்சிருங்க டீச்சர்" என்று ஆரம்பித்துவிடுவாள். அதைக் கேட்கச் சிரிப்பாக இருக்கும்.

அவ்வளவு சிரிப்பாக இருக்காது.

ஜூலை 7, செவ்வாய்

தண்டனை அறிவிக்கப்பட்டது. "என் எழுத்தையே அச்சா வரையிறவ, உருப்படியா எதையாவது வரை" என்று டீச்சர் என்னை ஒரு குழுவில் சேர்த்துவிட்டார்.

விஷயம் இதுதான். தண்ணீர்த் தொட்டிக்கும் மைதானத்துக்கும் நடுவே ஒரு காலி இடம். அங்கே மாணவர்கள் உட்காரவும் சாப்பிடவும் திறந்தவெளியில் ஒன்று கட்டித் தர முன்னாள் மாணவர்கள் முன்வந்திருக்கிறார்கள். டீச்சர் அதைப் பெவிலியன் என்கிறார். ஓவிய ஆசிரியர் சொர்ணவேல் சார் மண்டபம் என்கிறார். சமையல்கட்டு உண்டா, எத்தனை பேர் பந்தியில் உட்காரலாம் என்று கேட்டேன். சார் சிரிக்கவில்லை. பாதித் தூக்கத்தில் இருந்தார்.

பதினொன்றாம் வகுப்பில் மூன்று குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய கட்டடக் கலைஞர், சீட்டுக் குலுக்கலில். அவர் கட்டிய விதத்தைப் படித்து, அந்த வழியில் நம் ஊருக்கு ஏற்ற மாதிரி வடிவமைத்து, சிறிய மாதிரி செய்து காட்ட வேண்டும். தேறியதைக் கட்டுவார்கள்.

என் குழுவில் வேல்ச்சாமி. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் செலவழிக்காதவன். அவன் அப்பா கடலை மிட்டாய் கம்பெனி வைத்திருக்கிறார். அடுத்து ஜெபக்கனி. வகுப்பில் முதல். போன வருஷம் அவள் டிபன் பாக்ஸில் ஒரு ரப்பர் பல்லி தானாக ஏறிப் படுத்துக்கொண்டது. அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. வகுப்பில் சாப்பிடுவதும் இல்லை. தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டே சாப்பிடுகிறாள். ஏதாவது வேண்டுதலாக இருக்கும்.

ஜூலை 10, வெள்ளி

சீட்டு எடுத்தோம். முதல் குழுவுக்கு சண்டிகரைத் திட்டமிட்ட லெ கார்பூசியே. இரண்டாவது குழுவுக்கு இலங்கைக்காரர் ஜெஃப்ரி பாவா. எங்களுக்கு லாரி பேக்கர்.

லாரியில் பன் விற்கிறவர் என்று நினைத்தேன். ஜெபக்கனி ஒரு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வாக்கியம்: "இங்கிலாந்துல பொறந்து கேரளாவுல கட்டடம் கட்டுனவரு. தெரியலைன்னா வாய மூடு."

நூலகத்தில் படித்தோம். மனிதர் எனக்குப் பிடித்துப்போனார். செங்கலுக்கு மேல் பூச்சு வேண்டாம் என்கிறார். சுவரில் வேண்டுமென்றே ஓட்டை ஓட்டையாக விடுகிறார், காற்று வர. செங்கலைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்து நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுகிறார். அதற்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். வெயில் அந்தப் பொறியில் மாட்டிக்கொள்ளுமாம்.

"கார்பூசியே காரை பூசியே பேர் வாங்குனாரு. நம்மாளு பூசாமலே வாங்கிட்டாரு" என்றேன்.

"அவரும் பூசல. கான்கிரீட்ட அப்படியே விட்டாரு" என்றாள் ஜெபக்கனி. ஒரு நல்ல பகடியைத் தகவலால் அடித்துக் கொல்வதில் அவளுக்கு நிகர் இல்லை.

ஜூலை 14, செவ்வாய்

சண்டை. ஜெபக்கனியின் வரைபடம் இப்படி: கிழக்கே ஓட்டைச் சுவர். மேற்கே சுவரே இல்லாமல் தூண்கள் மட்டும், ஏனென்றால் மேற்கே மைதானம். உட்கார்ந்தபடி கபடி பார்க்கலாம்.

"மூணு மணிக்கு வெயில் மூஞ்சியில அடிக்கும்" என்றேன்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த எடத்துல என்னைய எத்தன தடவ வெயில்ல நிக்க வச்சிருக்காங்க. வேப்பமர நெழல் பன்னெண்டு மணிக்கு எங்க இருக்கும், சாப்பாட்டு மணிக்கு எங்க நகரும், யாரு எங்க உக்காருவா, காத்து எந்தப் பக்கமிருந்து வரும், எல்லாம் அத்துப்படி. தெரியாம ஒருத்தரப் பயமுறுத்த முடியுமா?"

"இது கட்டடக் கலை. பயமுறுத்துத வேலை இல்ல."

ஓட்டெடுப்பு. வேல்ச்சாமி நடுநிலை. நடுநிலை என்றால் ஜெபக்கனி பக்கம் என்று அர்த்தம். தோற்றேன். கட்டிக்கொண்டு வெயிலில் வேகட்டும். எனக்கென்ன? நான் டி.சி. வாங்காமல் இருந்தால் போதும்.

ஜூலை 15, புதன்

தொட்டிக்குப் பின்னால் உட்கார ஒரு கல்கூடக் கிடையாது. போய்ப் பார்க்கவில்லை. அந்த வழியாகப் போனேன்.

ஜூலை 20, திங்கள்

மாதிரி செய்யத் தெர்மாகோல் கூடாது, நம் ஊரில் கிடைப்பதை வைத்தே செய்ய வேண்டும் என்று டீச்சர் உத்தரவு. பேக்கரும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். நம் ஊரில் என்ன கிடைக்கும் என்று யோசித்தோம். புழுதி கிடைக்கும். தண்ணீர் கிடைக்காது. கூரைக்கு நான் தீக்குச்சி சொன்னேன். ஆபீசில் மருந்து முக்காத கழிவுக் குச்சிகள் மூட்டையாகக் கிடக்கும்.

செங்கலுக்கு? அப்போது வேல்ச்சாமி பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தான். இன்றைய ஒதுக்கீட்டை அங்கேயே செலவழித்தான்:

"கடல மிட்டாய். ஒடஞ்சது. அப்பா தாரேன்னாரு."

நீளம், அகலம், நிறம், சொரசொரப்பு, எல்லாம் செங்கல்! ஜெபக்கனி அளவுகோலை வைத்துப் பார்த்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள். "பேக்கர்னா ரொட்டி சுடுதவர்தான?" என்று அவளே சொல்லிவிட்டு, சொன்னது யார் என்பது போலத் திரும்பிப் பார்த்தாள்.

ஜூலை 23, வியாழன்

ஓவிய அறையே வெல்லப் பாகு வாசம். சிமெண்டுக்குப் பதில் பாகு. வேல்ச்சாமி அறுக்கிறான், ஜெபக்கனி அடுக்குகிறாள், நான் கூரைக்குக் குச்சி கோர்க்கிறேன். ஓட்டைச் சுவர் எழும்பிவிட்டது. ஓட்டைகளில் பாதி வடிவமைப்பு, பாதி சொர்ணவேல் சார் தின்றது.

ஜெபக்கனிக்குச் சிரிக்கத் தெரிகிறது. பல்வரிசை நன்றாகவே இருக்கிறது. ஏன் இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்தாள்?

பார்வையிடல் 28ஆம் தேதி. பையில் ஒரு டப்பாவுக்குள் தவளை தயாராக வைத்திருந்தேன், கார்பூசியே குழுவின் களிமண் மாடிக்கு. இன்று தப்பித்து ஓடிவிட்டது. நான் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தபோது ஓடிவிட்டது.

ஜூலை 27, திங்கள்

எல்லாம் முடிந்தது.

காலையில் மாதிரியைப் பலகையோடு தூக்கிக்கொண்டு போய் உண்மையான இடத்திலேயே, திசை பார்த்து வைத்தோம், போட்டோ எடுக்க. பலகையை நாலு பேர் தூக்க வேண்டியிருந்தது. வேப்பமர நிழல் நன்றாக இருந்தது. பிற்பகல் எங்கள் வகுப்பு முழுவதையும் போதை ஒழிப்புச் சொற்பொழிவுக்கு அரங்கத்துக்குக் கூட்டிப் போனார்கள். "இங்கயே இருக்கட்டும்மா, நெழல் எங்க போகப்போகுது?" என்றார் சொர்ணவேல் சார்.

நிழல் போனது. நடுவில் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தேன். விளையாட்டு ஆசிரியர் விரட்டிக்கொண்டு வந்ததால் திரும்பினேன். அதை விரிவாக எழுத ஒன்றும் இல்லை.

நாலு மணிக்கு வந்து பார்த்தால் மேற்குப் பக்கத் தூண்கள் முட்டிபோட்டுக் கிடந்தன. உள்ளே இருந்த பெஞ்சுகள் உருகிப் பலகையோடு ஒட்டிவிட்டன. கூரை மைதானத்தைப் பார்த்துக் கும்பிட்டது. கிழக்கே ஓட்டைச் சுவர் மட்டும் இறைவணக்கத்தில் நிற்பது போல விறைப்பாக நின்றது. எறும்புகள் வரிசையாக வந்து பார்வையிட்டுக்கொண்டிருந்தன. எங்கள் பள்ளியில் இவ்வளவு ஒழுங்கான வரிசையை நான் பார்த்ததில்லை.

ஜெபக்கனி அழவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நீதான நடுவுல எந்திச்சுப் போன."

"தண்ணி குடிக்க."

"தண்ணிக்கு அவ்வளவு நேரமா? சூடா எதையாவது ஊத்திருக்க. ஒனக்கு எல்லாமே வெளையாட்டுதான். அந்தப் பல்லி மாதிரி."

சரிந்த கூரையின் குச்சிகளை நிமிர்த்தப் பார்த்தேன்.

அதற்குள் டீச்சர் வந்துவிட்டார். மாதிரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாளைக்குப் பார்வையிடுறது முடியட்டும். அப்புறம் ஒங்க அம்மாவுக்கு ஆள் அனுப்புதேன்."

வீட்டில் அம்மாவிடம் சொல்லவில்லை. "என்னட்டி, ஊமையாட்டம் இருக்க?" என்றாள். வயிற்றுவலி என்றேன். ஓம வாட்டர் கொடுத்தாள். குடித்தேன்.

கூடுதல் செய்தி: என் பரீட்சை அட்டையைக் காணோம்.

ஜூலை 28, செவ்வாய்

பெரிய நாள். முழுவதும் எழுதுகிறேன்.

காலையில் ஓவிய அறைக்குப் போனால் ஜெபக்கனியும் வேல்ச்சாமியும் மாதிரிக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். வேல்ச்சாமி கையில் என் பரீட்சை அட்டை. அதன் அடிப்பக்கம் முழுக்கக் கடலையும் வெல்லமும்.

"தொட்டிப் பக்கம் கெடந்துச்சு" என்றான். "ஒரு கல்லும் பக்கத்துல கெடந்துச்சு. அத வச்சு அட்டைக்கு முட்டுக் குடுத்து நிப்பாட்டியிருக்கா. ஆடிக் காத்து தள்ளிருச்சு." ஒரே மூச்சில் இரண்டு நாள் வார்த்தைகள்!

ஜெபக்கனி மாதிரியைக் காட்டினாள். மேற்கு வரிசையில் ஒரே ஒரு தூண் உருகாமல் நிமிர்ந்து நிற்கிறது. அட்டையை அதன் முன்னால் வைத்துப் பார்த்தாள். அகலம் சரியாக இருந்தது. அட்டை மறைத்த தூண் மட்டும் பிழைத்திருக்கிறது.

"வெயில் வந்தத நீ பாத்திருக்க."

"பாத்தேன்."

"நவுத்திப் பாத்தியா?"

"ஒத்த ஆளா நவுத்த முடியல."

"நேத்தே ஏன் சொல்லல?"

"நீ கேக்கவேயில்ல."

"கேட்டேன்."

"கேக்கலட்டி. நீதான் செஞ்சன்னு சொன்ன."

அவள் கொஞ்ச நேரம் அட்டையில் ஒட்டியிருந்த கடலையை நகத்தால் சுரண்டினாள். பிறகு, "மேக்க தெறக்கக் கூடாது. நீ சொன்னதுதான் சரி" என்றாள். மன்னிப்பு என்கிற சொல்லை அவள் உபயோகிக்கவில்லை. எங்கள் வீட்டில் அம்மா நிறைய உபயோகித்துவிட்டதால் எனக்கும் அது தேவைப்படவில்லை.

புதிதாகச் செய்ய நேரம் இல்லை. விலகிவிடலாமா என்றாள். விலகினால் டீச்சர் என்ன முடிவுக்கு வருவார் என்று எனக்குத் தெரியும். "உருகுனதையே எடுத்துட்டுப் போவோம்" என்றேன். "திருப்பி வச்சு."

அரங்கத்தில் டீச்சர், தாளாளர், அப்புறம் முன்னாள் மாணவர் சங்கத்திலிருந்து பொறியாளர் செண்பகவல்லி மேடம். கார்பூசியே குழு களிமண்ணில் கோட்டை மாதிரி ஒன்று காட்டினார்கள். பாவா குழுவினுடையது அழகு. அகலமாக இறங்குகிற ஓட்டுக்கூரை, நடுவில் ஒரு குளம். "கொளத்துக்குத் தண்ணி?" என்று கேட்டார் மேடம். தண்ணீர் இல்லாத காரணத்தால் அந்தக் கேள்விக்குப் பிற்பகல் விடுமுறை.

நாங்கள் துணியை விலக்கினோம். அரங்கமே சிரித்தது. என் பகடிக்குச் சிரித்தால் எனக்குப் பிடிக்கும். இது வேறு சிரிப்பு.

"இது நேத்து மூணு மணி வெயில்ல, நாங்க திட்டம் போட்டுச் செஞ்ச சோதன மேடம்" என்று ஆரம்பித்தேன்.

"இல்ல மேடம்" என்று குறுக்கே வந்தாள் ஜெபக்கனி. அவளுக்குப் பொய் என்றால் அலர்ஜி. "தெரியாம நடந்துச்சு. மேக்க தெறக்க வேண்டாம்னு பேச்சி மொதல்லயே சொன்னா. நான் கேக்கல. வெயில் சொன்ன பெறகுதான் கேட்டேன்."

பரீட்சை அட்டையைத் தூக்கிக் காட்டி, பிழைத்த தூணையும் காட்டினாள். டீச்சர் மூக்குக் கண்ணாடியை இறக்கி அட்டையைப் பார்த்தார். அதில் கொட்டை எழுத்தில் என் பெயர்.

நான் பலகையின் ஒரு முனையைப் பிடித்தேன், வேல்ச்சாமியும் சொர்ணவேல் சாரும் மறுமுனை. அப்படியே அரைச்சுற்றுத் திருப்பினோம். இப்போது ஓட்டைச் சுவர் மேற்கே வந்துவிட்டது. திறந்த பக்கம் கிழக்கே, தொட்டியையும் வேப்பமரத்தையும் பார்த்து.

"கபடி பாக்க முடியாதே?" என்றார் மேடம்.

"ஓட்ட வழியாப் பாக்கலாம் மேடம். நாம பாக்குறது வெளையாடுறவனுக்குத் தெரியாது. அதான் இன்னும் நல்லாருக்கும்."

இந்தத் தடவை அவர்கள் சிரித்தது சரியான சிரிப்பு.

"தொட்டிப் பக்கம் தெறக்கணும்னு ஏன் தோணுச்சு?"

"அங்க நின்னுக்கிட்டே சாப்பிடுறவங்க இருக்காங்க மேடம்." ஜெபக்கனி பக்கம் நான் திரும்பவில்லை. அவளும் திரும்பியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

மேடம் எழுந்து வந்து, உருகின தூணில் ஒரு துண்டை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். "சுண்ணாம்புக் காரையில வெல்லம் சேக்கிறது பழைய வழக்கந்தான். கடலையும் சேத்தது நீங்கதான் மொத ஆளு."

முடிவு: எங்கள் மண்டபம், பாவா குழுவின் அகலக் கூரையோடு. கார்பூசியே குழுவுக்கு ஆறுதல் பரிசாக எங்கள் வடக்கு மூலையைத் தின்னக் கொடுத்தோம்.

வெளியே வரும்போது டீச்சர் கூப்பிட்டார். "பேச்சியம்மா, நாளைக்கு ஒங்க அம்மாவ வரச் சொல்லு."

ஏன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறை.

ஜூலை 29, புதன்

அம்மா வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"மன்னிச்சிருங்க டீச்சர். இனிமே செய்ய மாட்டா. நான் கண்டிச்சு வைக்கேன். இந்த ஒரு தடவ..."

"இல்லம்மா, நான் கூப்பிட்டது..."

"தெரியும் டீச்சர். சின்னதுலருந்தே வாய்த்துடுக்கு. பேரு ராசி. மன்னிச்சிருங்க."

டீச்சருக்கே பேச இடம் கிடைக்காததை இன்றுதான் பார்த்தேன். இந்த வாய் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கிவிட்டது. கடைசியில் டீச்சர் அம்மாவின் கையைப் பிடித்து ஓவிய அறைக்குக் கூட்டிப் போய், மாதிரிக்கு முன்னால் நிறுத்தினார்.

"ஒங்க மக குழு செஞ்சது. இதத்தான் கட்டப்போறோம்."

அம்மா அதைச் சுற்றிவந்தாள். கூரைக் குச்சி ஒன்றைத் தொட்டாள். "எங்க ஆபீஸ் குச்சில்லா இது!" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அறையில் புழுக்கம் அதிகம்.

"அப்ப டி.சி. இல்லையா டீச்சர்?" என்றேன். கேட்டால்தானே தூக்கம் வரும்.

"கிழிச்சுப் போட்டுட்டேன். ஒங்க அம்மா இன்னைக்குக் கேட்ட மன்னிப்ப மட்டும் பத்திரமா வச்சிருக்கேன். ஒனக்கு எப்படியும் தேவப்படும்."

அப்பாடா. இரண்டு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த செங்கல் இறங்கியது. நிஜச் செங்கல், உருகாத வகை.

கேட்டைத் தாண்டியதும் அம்மா நின்றாள்.

"ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்களே, அந்த லீவு போர்டு. டீச்சர் எழுத்தாட்டமேவா இருந்துச்சு?"

"அப்படியே இருந்துச்சும்மா."

சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "என் கையெழுத்தப் போட்டுப் பழகிராதட்டி."

ஆகஸ்ட் 20, வியாழன்

ஆடி முடிந்தால்தான் அஸ்திவாரம் என்று கொத்தனார் சொல்லிவிட்டதால் ஆவணி வரை காத்திருந்தோம். இன்று பூமி பூஜை. பூஜைத் தட்டில் பொரிகடலையோடு கடலை மிட்டாயும் வைக்கச் சொன்னேன். மூலப்பொருளுக்கு மரியாதை வேண்டாமா?

செப்டம்பர் 14, திங்கள்

செங்கல் வந்து இறங்கியது. ஒன்றை நக்கிப் பார்த்தேன். பழக்கதோஷம்.

அக்டோபர் 29, வியாழன்

மழை. வேலை நின்றது. ஊரில் தண்ணீர் இருக்கிற காரணத்தால் உண்மையிலேயே பிற்பகல் விடுமுறை. பலகையில் இருந்ததை யாரும் நம்பவில்லை. டீச்சரே வகுப்பு வகுப்பாக வந்து சொல்ல வேண்டியதாகிவிட்டது.

ஜனவரி 19, செவ்வாய்

பொங்கல் விடுமுறை முடிந்து, மண்டபம் இன்று திறந்தாகிவிட்டது. பூசாத செங்கல். மேற்கே எலிப்பொறிக் கட்டில் ஓட்டைச் சுவர். வெயில் ஓட்டை வழியாக உள்ளே வந்து தரையில் சின்னச் சின்னக் கட்டமாக விழுகிறது. அதற்குமேல் வர அதற்கு அனுமதி இல்லை.

சாப்பாட்டு மணிக்கு ஜெபக்கனி உட்கார்ந்து சாப்பிட்டாள், எனக்கும் வேல்ச்சாமிக்கும் நடுவில். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். திறந்து வைத்துவிட்டு! நான் பக்கத்தில் இருக்கும்போது! கையைக் காலுக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மணிக்குக் கரும்பலகையைத் தூக்கிவந்து, கடைசிப் பாடவேளை மண்டபத்திலேயே நடந்தது. முகத்தில் வெயில் இல்லை. ஜெபக்கனி பெஞ்சுக்கு அடியில் ஒரு கடலை மிட்டாயை என் கையில் வைத்தாள். "வேல்ச்சாமி கம்பெனி. புது சரக்கு. தின்னு" என்றாள், கரும்பலகையைப் பார்த்தபடி. அவளுக்குப் பொய் என்றால் அலர்ஜி ஆயிற்றே. நம்பிக் கடித்தேன்.

செங்கல்.

உடைந்த செங்கல் துண்டை மிட்டாய் அளவுக்குத் தேய்த்து, மேலே நாலு கடலையைப் பாகு வைத்து ஒட்டியிருக்கிறாள். வேல்ச்சாமி குனிந்துகொண்டு குலுங்கினான்.

"பல்லிக்கு" என்றாள்.

பல் ஆடவில்லை. செங்கலும் உடையவில்லை. நல்ல தரம்.